எந்தக் கதவுக்குப் பூட்டு?

திண்டுக்கல்லில் ஏதாவது ஒரு பூட்டுக் கடையில் போய் நின்று, "இருக்கிறதிலேயே பெரிய பூட்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே எடுத்துத் தந்துவிட மாட்டார். "எந்தக் கதவுக்குண்ணே?" என்பார். பீரோவுக்கா, தோட்டத்து மோட்டார் ரூமுக்கா, கோயில் உண்டியலுக்கா, குடோன் ஷட்டருக்கா? கொண்டி எவ்வளவு கனம், வளையம் நுழையுமா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் கை அலமாரிக்குப் போகும். உண்டியல் பூட்டைக் கொண்டுபோய் சூட்கேசில் மாட்டினால் பாதுகாப்பு பத்து மடங்கு கூடாது. சூட்கேசைத் தூக்க முடியாது, அவ்வளவுதான்.

2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டின் ஊர் இது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் அக்கா மகன், பழைய வீடியோ கேம் ஆடுவதற்கென்று ஒரு கையடக்கக் கருவி வாங்கக் கிளம்பியபோது அந்தக் கேள்வியைத் தொலைத்துவிட்டிருந்தான். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை அவனுக்கு. போக வர மில் பஸ்ஸில் கழியும் நேரத்துக்குத்தான் கருவி. போனில் நீளமாக ஒரு பட்டியல் வைத்திருந்தான். எந்த சிப், எத்தனை கோர், எத்தனை ஜி.பி. ராம், எத்தனை ஆயிரம் விளையாட்டு என்று கட்டம் கட்டமாக. "நம்ம காசுக்கு எது ரொம்பப் பவரோ அத வாங்கிரணும் மாமா. பெருசுல சின்னதெல்லாம் ஓடும். சின்னத வாங்கிட்டு அப்பறம் வருத்தப்படக் கூடாதுல்ல?"

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. ரெட்ரோ கருவி வாங்குவது பற்றி இன்று யாரிடம் யோசனை கேட்டாலும் இதே பதில்தான் வரும். அதில் மூன்று நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, பெரியதில் சின்னது அடக்கம். இரண்டு, கூடுதல் சக்தி நாளைக்கு உதவும். மூன்று, உள்ளே எவ்வளவு விளையாட்டு இருக்கிறதோ அவ்வளவு லாபம். மூன்றுமே தவறு என்பது என் கட்சி. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் வேர் அதுதான்.

'நாளைக்கு உதவும்' என்பது போன் வாங்கும்போது செல்லுபடியாகும் நியாயம். போனில் இருக்கும் செயலிகள் வருடாவருடம் பருத்துக்கொண்டே போகின்றன. இன்றைக்குத் தாராளமாகத் தெரியும் ராம் மூன்று வருடத்தில் மூச்சு முட்டும். அதனால் ஒரு படி மேலே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைத் தொளதொளவென்று தைப்பது மாதிரி. ஆனால் பழைய விளையாட்டு வளர்கிற பிள்ளை அல்ல.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஜப்பானில் வெளிவந்தது 1985 செப்டம்பர் 13. சரியாக இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு மாவட்டத்துக்குப் பெயர்கள் மாறின, 2014இல் ஊர் மாநகராட்சியானது, புறவழிச் சாலைகள் வந்தன. மாரியோ அன்றைக்கு 40 கிலோபைட், இன்றைக்கும் அதே 40 கிலோபைட். பெரியப்பா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரியது. அந்த விளையாட்டு ஓடிய ஃபேமிகாம் பெட்டியின் மூளை 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம், நினைவகம் 2 கிலோபைட். 1989இல் வந்த கேம் பாய் 4.19 மெகாஹெர்ட்ஸ். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் 16.78. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 33.87. இந்த எண்களில் ஒன்றுகூட அடுத்த வருடம் ஏறப்போவதில்லை.

ஒரு பழைய பெட்டியைப் புதுக் கருவிக்குள் நடிக்க வைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அசல் பெட்டியின் ஒவ்வொரு சிப்பும் அடுத்து என்ன செய்யும் என்பதை அது கணந்தோறும் போட்டுப் பார்க்க வேண்டும். அதனால் அசலைவிடப் பல மடங்கு வேகம் தேவைப்படுவது உண்மை. ஆனால் மியூ மினி பிளஸ் என்ற சின்னக் கருவியில் இருப்பது இரண்டே கோர், 128 எம்.பி. ராம். இன்றைய போன் கணக்கில் அது குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு. முதல் பிளேஸ்டேஷன்வரை அது நன்றாக ஓட்டுகிறது. அன்பெர்னிக் நிறுவனத்தின் ஆர்.ஜி.35எக்ஸ்.எக்ஸ். எச் அதற்கு ஒரு படி மேலே, நான்கு கோர், 1.5 ஜிகாஹெர்ட்ஸ். உங்கள் விளையாட்டு இந்த எல்லைக்குள் இருந்தால் இதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு கோரும் சும்மா உட்கார்ந்திருக்கும். மற்ற கருவிச் சந்தைகளில் 'போதும்' என்பது மனசைப் பொறுத்தது. இங்கே அது ஒரு எண். அந்த எண் இருபது, முப்பது வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

அடுத்து, பெரியதில் சின்னது அடக்கம் என்ற நம்பிக்கை. சிப்பைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் நாம் பார்ப்பது சிப்பை இல்லை, திரையை.

பழைய டி.வி.யின் திரை நாலுக்கு மூன்று என்ற கணக்கில், ஏறக்குறையச் சதுரமாக இருந்தது. அந்தக் காலத்து வீட்டு வீடியோ கேம்கள் அந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை. இன்றைய பெரிய கருவிகளின் திரையோ சினிமாவுக்குச் செய்த மாதிரி பதினாறுக்கு ஒன்பது. அதில் பழைய படத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், திரையில் கால்வாசி வீண். 5 அங்குலத் திரைக்குக் காசு கொடுத்துவிட்டு 4 அங்குலச் சொச்சத்தில் ஆடுவீர்கள். கறுப்புப் பட்டை பிடிக்காமல் படத்தை இழுத்து விட்டால் மாரியோ தொப்பை போட்டுவிடுவார்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320-க்கு 240 புள்ளியில் வரையப்பட்டவை. மியூ மினி பிளஸ்ஸின் 3.5 அங்குலத் திரை 640-க்கு 480. கணக்குப் போடுங்கள், சரியாக இரண்டு மடங்கு. பழைய படத்தின் ஒரு புள்ளி இங்கே நான்கு புள்ளியாக, பிசிறில்லாமல் உட்காரும். ஃபேமிகாமின் 256-க்கு 240 அதே திரையில் உயரத்தை முழுசாக நிரப்பும். கேம் பாயின் 160-க்கு 144 மூன்று மடங்காகி 480-க்கு 432 என்று நிற்கும். இப்போது 1080 புள்ளி உயரமுள்ள விலையுயர்ந்த திரையை எடுங்கள். 240-ஐ அதில் நிரப்ப வேண்டுமானால் நாலரை மடங்கு. ஒரு புள்ளி வரிசை நாலாகும், அடுத்தது ஐந்தாகும். படம் நகரும்போது சுவரும் தரையும் நெளிவது கண்ணுக்குப் படும். அதை மறைக்க ஒரு ஃபில்டர் போட்டு மெழுகுவார்கள். விலை கூடிய திரையில் படம் தரம் குறைந்து தெரியும் வேடிக்கை இது.

அப்படியானால் எல்லோரும் அந்த 640-க்கு 480 திரையையே வாங்குங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. கேம் பாய் அட்வான்ஸ் பிரியருக்கு அது பொருந்தாது. அதன் படம் 240-க்கு 160. இரண்டு மடங்காக்கினால் 480-க்கு 320, நாலு பக்கமும் இடம் வீண். அவருக்கு பவ்கிட்டியின் ஆர்.ஜி.பி.30 மாதிரி 720-க்கு 720 சதுரத் திரை பாந்தம், அகலத்தில் சரியாக மூன்று மடங்கு. கதவுக்குக் கதவு பூட்டு மாறுகிறது. திரையே இப்படி என்றால், 'எல்லாம் ஓடும்' என்று விற்கப்படும் கருவி எந்தக் கதவுக்குச் செய்தது? பிரியாணிக்கு நீள நீளமான பாஸ்மதிதான் உசத்தி என்று ஊரெல்லாம் சொல்ல, மசாலாவை உள்ளே வாங்கிக்கொள்ளும் குட்டிச் சீரகச் சம்பாவை வைத்துப் பெயர் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியதே வெல்லும் என்ற வாதம் புதிதும் அல்ல. ஒருமுறை அது பகிரங்கமாகத் தோற்றிருக்கிறது. 1989இல் நின்டெண்டோ கேம் பாயைக் கொண்டுவந்தபோது அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளி இல்லை. பாசி படிந்த பச்சையில் நாலு சாயல், அவ்வளவுதான். அதே வருடம் அட்டாரி லிங்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. மறு வருடம் செகாவின் கேம் கியர், அதுவும் வண்ணம், அதுவும் பின்னொளி. பட்டியல் போட்டு ஒப்பிட்டிருந்தால் கேம் பாய் கடைசி இடம். ஆனால் கேம் கியர் ஆறு பென்சில் செல்லை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலே செல்லில் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். பிற்பாடு வந்த வண்ண கேம் பாயையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது கேம் பாய். கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றது.

கேம் பாய்க்குப் பின்னால் இருந்தவர் குன்பெய் யோக்கோய். நன்றாக அடிபட்டு, பழகி, விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்று பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளில் இடது கட்டைவிரலுக்கடியில் இருக்கும் கூட்டல்குறி வடிவத் திசைப் பட்டனும் அவர் தந்ததுதான், 1982இல். அவர் வழியில் வந்த விளையாட்டுகளை ஆடப்போகிற நாம், அவர் ஒதுக்கித் தள்ளிய அளவுகோலை வைத்துக் கருவி தேர்ந்தெடுக்கிறோம்.

திசைப் பட்டனைச் சொன்னேன். எந்த ஒப்பீட்டுக் கட்டத்திலும் இது இருக்காது, ஆனால் சிப்பைவிட முக்கியம். காண்ட்ரா விளையாட்டில் வலதுபக்கம் ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள். கட்டைவிரல் அழுத்துவது 'வலம்' மட்டும்தான். மட்டமான பட்டன் அதை 'வலமும் மேலும்' என்று வாசிக்கும். துப்பாக்கி சாய்ந்து வானத்தைச் சுடும், எதிரே வந்தவன் உங்களைச் சாய்த்துவிடுவான். முப்பது உயிருக்கான ரகசியத்தை, மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று, இன்னும் விரலில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வலி புரியும். கருவியைக் கையில் வாங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், வலப்பக்கம் அழுத்தியபடியே கட்டைவிரலை மெல்ல மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். சட்டென்று மூலைக்குத் தாவினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது எத்தனை கோராக இருந்தாலும்.

'இதுக்குத் தனியா ஒண்ணு எதுக்கு, போன்லயே ஆடலாமே' என்பவர்களுக்கும் பதில் இந்தப் பட்டனில்தான் இருக்கிறது. கண்ணாடியில் மேடு பள்ளம் கிடையாது. விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், பார்க்கிற நேரத்தில் பள்ளத்தில் விழுந்திருப்பீர்கள். மில் பஸ் வேகத்தடையில் குதிக்கும்போது கேட்கவே வேண்டாம்.

இனி மூன்றாவது நம்பிக்கை, விளையாட்டுகளின் எண்ணிக்கை. இதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே நாங்கள் ஒருமுறை பட்டுத் தெளிந்தோம். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டி.வி. கேம் வந்தது. அதனோடு ஒரு மஞ்சள் கேசட், '9999 இன் 1' என்று எழுதியிருந்தது. நாலு பையன்கள் லீவு நாளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணினோம். முதல் எண் காண்ட்ரா. இருபத்தொன்றாம் எண்ணும் காண்ட்ரா, இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கும். நாற்பத்துச் சொச்சத்தில் மறுபடி காண்ட்ரா, வேறு பெயரில். இருபது விளையாட்டுக்கு மேல் தேறவில்லை. அந்த இருபதிலும் நாங்கள் உண்மையில் ஆடியது நாலு: காண்ட்ரா, மாரியோ, ரோடு ஃபைட்டர், டாங்கி விளையாட்டான பேட்டில் சிட்டி. திருவிழாக் கடைகளில் தொங்கிய பிரிக் கேமிலும் அதே 9999 உண்டு. பத்துக்கு இருபது கட்டத் திரையில் நாங்கள் ஆடியது என்னவோ ஒரே ஒரு செங்கல் அடுக்கும் விளையாட்டுதான்.

இன்றைய கருவிகளோடு வரும் மெமரி கார்டுகள் அந்த மஞ்சள் கேசட்டின் பேரப்பிள்ளைகள். ஒரு வித்தியாசம், பத்தாயிரமும் இப்போது உண்மையாகவே உள்ளே இருக்கும். அதுதான் இன்னும் மோசம். பட்டியலை உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஒன்றைத் திறந்து இரண்டு நிமிடம், அடுத்ததைத் திறந்து ஒரு நிமிடம். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும். அந்தப் பத்தாயிரத்தையும் ஏற்றி விற்பவருக்கு அவற்றின்மேல் எந்த உரிமையும் இல்லை என்பதும் மறக்கக் கூடாத விஷயம். கார்டு நம்பத்தக்கதும் அல்ல. நான் முதலில் வாங்கிய கருவியில் பெயர் தெரியாத ஒரு கார்டு வந்தது. மூன்றாம் மாதம் அது செத்தது, பாதி முடித்து வைத்திருந்த விளையாட்டோடு. விற்றவர் போனை எடுக்கவில்லை. தெரிந்த கம்பெனிக் கார்டு ஒன்றை வாங்கி மாற்றிவிட்டு, அதற்கும் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது முதல் நாள் வேலை என்று அப்போதுதான் கற்றேன்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தை நான் இன்னும் தொடவில்லை. "ரெண்டாயிரம், மூவாயிரம் கூடப் போட்டாப் பெருசே வந்துருதே மாமா. இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூடுதல் காசோடு வேறு சிலவும் சேர்ந்தே வரும். சின்னக் கருவி இருநூறு கிராமுக்குள், சட்டைப் பையில் போகும். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற பெரிய கருவி 669 கிராம், அதற்குத் தனிப் பை வேண்டும். பை வேண்டும் என்றால் பாதி நாள் வீட்டிலேயே கிடக்கும். பெரியவற்றில் பல ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அங்கே அப்டேட் கேட்கும், எமுலேட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கச் சொல்லும். அந்த அமைப்பு வேலையே பொழுதுபோக்காகி, ஆட்டம் பின்னால் போய்விட்டவர்களை எனக்குத் தெரியும். மியூ மினியில் ஆர்வலர்கள் கூடிச் செய்த ஆனியன் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், சுவிட்சை அழுத்தியதும் நேற்று விட்ட இடத்தில் விளையாட்டு நிற்கும். பஸ்ஸில் கிடைக்கும் அரைமணி நேரத்துக்கு இதைவிடப் பெரிய சக்தி எதுவும் இல்லை.

ரிப்பேரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு இந்தக் கருவிகள் நம் கைக்கு இடையில் நிற்கும் விற்பனையாளர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வருகின்றன. சர்வீஸ் சென்டர் என்று ஒன்று கிடையாது. தெருவோரம் சில நூறு ரூபாய்க்கு விற்கும் '400 இன் 1' பெட்டியை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அதன் முதுகைத் திறந்தால் உள்ளே இருப்பது பழைய நோக்கியா போனின் பி.எல்.-5சி ரக பேட்டரி. ஊரில் எந்த செல்போன் கடையிலும் அதற்கு மாற்று கிடைக்கும். ஐந்தாவது வருடம் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிய விலையுயர்ந்த கருவி, பேட்டரி உப்பியதும் அலமாரிக்குப் போய்விடும்.

ஆகவே அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான். "பட்டியல மூடி வை மாப்ள. எந்த வெளையாட்டுன்னு மொதல்ல சொல்லு. அஞ்சு பேர் போதும். அது எந்தப் பெட்டில ஓடுச்சுன்னு பாரு. அந்தப் பெட்டியோட படம் எந்தத் திரைக்குப் பொருந்தும், எத்தன பட்டன் வேணும்னு பாரு. சிப்பக் கடைசியாப் பாரு." அவனால் உடனே சொல்ல முடியவில்லை. பத்தாயிரம் விளையாட்டு வாங்கப் போனவனுக்கு ஐந்து பெயர் வாயில் வரவில்லை.

நாலு நாள் கழித்து வந்தான். "ஸ்மாக்டவுன் மாமா. ஹியர் கம்ஸ் தி பெயின்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய பால்யம் என்னுடையது இல்லையே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய பி.எஸ். 2 கடை அவனுடையது. மின்வெட்டுக் காலத்தில் கரண்டு போனால் மிச்ச நிமிடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்களாம், மறுநாள் அதைக் காட்டி ஆடலாமாம். அந்த மல்யுத்த விளையாட்டு வெளிவந்தது 2003இல், பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டும். அந்தப் பெட்டியின் மூளை 294 மெகாஹெர்ட்ஸ், கூடவே கிராஃபிக்சுக்குத் தனிச் சிப், கணக்குக்கென்று தனி அலகுகள். அவ்வளவையும் நடித்துக் காட்ட என் சின்னக் கருவியால் ஆகாது. இரண்டு கட்டைவிரலுக்கும் சுழல் குச்சி வேண்டும், நல்ல சிப்பும் வேண்டும். கதவு பெரிய கதவு.

என்னுடையதைப் போல இரண்டரை மடங்கு விலையில் ஒன்றை வாங்கினான். "கடைசில நான் சொன்னதத்தான வாங்குனோம்?" என்று சீண்டினான். வாங்கியது அவன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த கருவி. முதலிரண்டும் அவன் ஆடவே போகாத பெட்டிகளுக்காக இன்னும் பத்தாயிரம் கேட்டவை. அந்தப் பத்தாயிரம் அவன் கையில் மிச்சம், நான் கேட்ட கேள்விக்குக் கூலி அது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் கார்டில் இப்போது ஆறு விளையாட்டு இருக்கிறது. என்னுடையதில் பதினொன்று. அதில் நாலை நான் இன்னும் முடிக்கவில்லை.